ஆலை, சுரங்கம், சிப்காட்: பேசப் போகும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1990களில் ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் மாநில அரசின் டிட்கோ நிறுவனத்துக்காக நிலம் எடுத்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. நிலம் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் இழப்பீடு கேட்டுக் கோர்ட்டுக்கு நடந்தே காலம் போனது. கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தைத் திருப்பித் தர முடிவெடுத்தது. இவ்வளவும் நம் பக்கத்திலேயே நடந்தது. அதனால் நம் செந்துறை வட்டத்தில் அடுத்த திட்டம் பற்றிப் பேச்சு எழும்போது நீங்கள் கையில் ஆதாரத்தோடு பேச வேண்டும்.

செய்ய வேண்டியவை

• நோட்டீஸ் வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பாருங்கள். 2013-ம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம் என்றால் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும். தனியாருக்கு எடுத்தால் 80 சதவீதம், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் உரிமையாளர்களின் சம்மதமும் வேண்டும். தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தில் இவை கிடையாது. அந்தச் சட்டத்துக்கு 2019-ல் அரசு மறுபடி உயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. இது தெரியாமல் "எங்கள் சம்மதம் எங்கே?" என்று கேட்டு ஏமாந்து திரும்பியவர்கள் நிறையப் பேர்.

• கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளைக் காலண்டரில் இன்றே வட்டமிடுங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறினால்தான் பேசியது நிற்கும்.

• சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பில் வாயால் சொன்னதை எழுதியும் கொடுங்கள். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க அது போதும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்க வேண்டும். வாசிக்கும் வரை எழுந்து வராதீர்கள்.

• கனிம நிதிக் கணக்கைக் கேளுங்கள். ஆலத்தியூரையும் தளவாயையும் சுற்றிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. ஒரு டன்னுக்கு ராயல்டி 80 ரூபாய் என்றால், 2015-க்கு முந்தைய குத்தகையில் அதன்மேல் 30 சதவீதம், அதாவது 24 ரூபாய், மாவட்ட கனிம அறக்கட்டளைக்குப் போக வேண்டும். ஏலத்தில் விட்ட குத்தகை என்றால் 10 சதவீதம். குடிநீர், மருத்துவம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கென்றே வந்த பணம் இது. உங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது?

• பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.

செய்யக்கூடாதவை

• "வளர்ச்சி வேண்டுமா, வேண்டாமா?" என்ற கேள்விக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

• அறிவிப்பை வேலை என்று எண்ணாதீர்கள். 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் தைவான் காலணி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியபோது 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்றார்கள். நல்ல செய்திதான், வரட்டும். ஆனால் நிரந்தர வேலை எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை, இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்குப் பஸ் உண்டா என்பதை இப்போதே கேட்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுத்து முடித்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

• எல்லோருக்கும் ஒரே லாபம் என்று பேசாதீர்கள். முந்திரியையே பாருங்கள். வெளிநாட்டு முந்திரிக் கொட்டைக்கு 2016-ல் மத்திய அரசு 5 சதவீத இறக்குமதி வரி போட்டது, 2018-ல் 2.5 ஆகக் குறைத்தது. வரி குறைந்தால் ஆப்பிரிக்கக் கொட்டை மலிவாக வரும், பண்ருட்டி ஆலைக்காரருக்கு வருஷம் முழுக்க வேலை ஓடும். நம் பக்கத்தில் கொட்டை பொறுக்கி மூட்டை கட்டும் விவசாயிக்கோ விலை அடிபடும். அங்கே உடைக்கிற பெண்ணுக்கும் இங்கே பொறுக்குகிற பெண்ணுக்கும் நடுவில்தான் அந்த 2.5 சதவீதம் நிற்கிறது. இருவரையும் மனதில் வைத்துப் பேசினால்தான் அது நியாயமான விவாதம்.

• முந்திரியில் வியட்நாமைப் பார் என்று பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். அந்த நாடு ஆப்பிரிக்கக் கொட்டையை வாங்கி, உடைத்து, பருப்பாக விற்று முன்னேறியது. உடைப்பதும் தரம் பிரிப்பதும்தான் அங்கே காசு. செந்துறையிலிருந்து கொட்டையாகவே போகும் வரைக்கும் அந்தக் காசு இங்கே தங்காது. உடைக்கும் தொழில் இங்கே வர என்ன செய்யப் போகிறீர்கள் என்று வேட்பாளரிடமும் அதிகாரியிடமும் கேளுங்கள்.

• கட்சிக்காக வாதாடாதீர்கள். ஜெயங்கொண்டம் திட்டம் இழுபட்ட காலத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன.

• எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைக்கு என்று வாங்கியதைச் சம்மதத்துக்கு என்று காட்ட முடியும். மேலே எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள், போனில் படம் எடுங்கள், பக்கத்தில் தேதி போட்டு அப்புறம் கையெழுத்திடுங்கள்.