இதழியல் படிக்க எந்த உதவித்தொகை?

1996இல் டெல்லிப் பத்திரிகையாளர் பி.என்.உனியாலிடம் ஒரு வெளிநாட்டு நிருபர், தலித் பத்திரிகையாளர் யாரையாவது அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்டார். அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு உனியால் தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி செய்தித் தளமும் ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தன. 106 இடங்களில் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை.

அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டிய பிள்ளைகளில் பலர் கட்டணத்தைக் கேட்டதுமே திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உதவித்தொகை என்றதும் எல்லோரும் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: தங்க இடமும் சாப்பாடும் அதில் அடக்கமா? கட்டணம் தள்ளுபடியாகியும் விடுதிக்குக் கட்ட வழியில்லாமல் படிப்பை நிறுத்துகிறவர்கள் உண்டு.

சென்னை தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ தருகிறது. தலித், பழங்குடி மாணவர்களுக்கென்று அங்கே தனி உதவித்தொகை உண்டு. ஆங்கிலத்தில் எழுத வருமென்றால் இதற்குத்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அது தன்னாட்சியாக நடக்கும் நிறுவனம், எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்ததல்ல. அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையோ அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கிடைக்கும். எனவே கல்லூரி தரும் உதவி கிடைக்காவிட்டால் அரசுப் பணம் கைகொடுக்கும் என்று நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கானது போஸ்ட் மெட்ரிக். கட்டணம் தவிர ஆண்டுக்கொரு படியும் உண்டு. மத்திய அரசின் 2021 விதிகளில் மாஸ் கம்யூனிகேஷன் இரண்டாம் பிரிவில் வருகிறது. விடுதியில் தங்கினால் 9,500 ரூபாய், வீட்டிலிருந்து போய்வந்தால் 6,500. சென்னையில் இது எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பணம் தாமதமாக வருவதும் உண்டு. ஆகவே இதை ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் கல்லூரி விடுதியோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். விடுதியில் இடமும் கிடைத்துவிட்டால் மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார் போன்ற பல்கலைக்கழகங்களில் கடன் இல்லாமல் முதுகலை முடிக்க முடியும். தமிழில் எழுதப் போகிற பிள்ளைக்கு என் தேர்வு இதுதான். சொந்த மாவட்டத்துச் செய்தியைத் தெரிந்து வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டு எங்கோ போய்க் கடனாளியாக வேண்டியதில்லை.

டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஐஎம்சி மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனம். அங்கே சேர்க்கையில் இட ஒதுக்கீடு உண்டு, ஆனால் இட ஒதுக்கீடு வேறு, உதவித்தொகை வேறு. அதன் மையங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது கோட்டயம். வேறு மாநிலத்தில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக்கைச் சொந்த மாநிலம்தான் வழங்கும். அதனால் விண்ணப்பத்தைத் தமிழ்நாட்டில்தான் போட வேண்டும்.

இளநிலையில் இதழியலோ விஸ்காமோ படிக்கிறவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்றால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்: பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். முதுநிலைக்கு இது தொடராது.

பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிக்க உதவும் செவனிங்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதற்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். வேலைக்குப் போய் இரண்டாண்டு ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு படிப்புக்கு இரண்டு உதவித்தொகை வாங்கலாமா என்பதை விதியைப் படித்துத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். விண்ணப்பத்தை மட்டும் ஒன்றோடு நிறுத்தாமல் தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் போடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றும் தயாராக இல்லையென்றால், இந்த வாரமே இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் போய்வந்துவிடுங்கள்.