காரணம் நீங்கினால்

ஆலையில் இழை அடிக்கடி அறுந்தால், அதைப் பிணைப்பதோடு நாம் நில்லோம். அறுவதன் காரணத்தைத் தேடுவோம். உலகமும் ஒருமுறை அவ்வாறே செய்தது.

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள், கொடிய புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974-இல் மோலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எச்சரித்தனர். 1985-இல் தென்துருவத்தின் மேல் அப்படலம் மெலிந்தமை வெளியாயிற்று. 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. ஏழை நாடுகளுக்குத் தவணையும் பொருளுதவியும் அளித்து, அவ்வாயுக்களைப் படிப்படியாக விலக்கின. இன்று படலம் மெல்ல மீண்டு வருகிறது.

புவி வெப்பமாவதன் காரணத்தையும் நாம் அறிவோம்: நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் பெருகும் கரியமில வாயு. 2015-இல் பாரிஸ் நகரில் அதைத் தடுக்க நாடுகள் உறுதி பூண்டன. ஆயினும் எரிப்பது குறையவில்லை. காரணம் தெரிந்தும் அதை நீக்காதவர், அறுந்த இழையைக் குறை கூறலாமோ?