குப்பை யாருடைய வேலை?

இந்த மாதப் பாடம் குப்பை. சிரிக்காமல் படியுங்கள்!

பொறியியல் வகுப்பில் எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தந்த கணக்கு ஒன்று உண்டு: உள்ளே போன பொருள் மறையாது, உள்ளேயே தங்கும், இல்லையென்றால் எங்கேயாவது வெளியே வரும். குப்பைக்கும் இதே கணக்குத்தான். லோரி எடுத்துப் போனதும் நமக்கு வேலை முடிந்துவிடுகிறது. குப்பையோ இன்னொருவர் வீட்டுப் பக்கத்து மேட்டில் போய் உட்காருகிறது.

இந்தோனேசியாவின் சுராபாயா நகரத்தைப் பாருங்கள். 2001-இல் கெபுத்தே குப்பைமேட்டை அக்கம்பக்கத்து மக்கள் போராடி மூட வைத்தார்கள். ஊருக்குள் குப்பை குவிந்தது. 2004-இல் ஜப்பானின் கித்தாகியூஷு நகரம் உதவிக்கு வந்தது. தகாகுரா கோஜி என்ற நிபுணர், உள்ளூர் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் கூடை முறையை உருவாக்கினார். உமி, தவிடு, தாப்பே மாதிரியான உள்ளூர்ப் புளித்த உணவிலிருந்து எடுத்த நுண்ணுயிர், ஓட்டை போட்ட கூடை: அவ்வளவுதான். காற்று உள்ளே போய் வருவதால் நாற்றம் குறைவு.

என்னைக் கவர்ந்தது அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம். மாநகராட்சி கூடைகளை இலவசமாகக் கொடுத்தது, உர மையங்களை நடத்தியது. தொண்டு நிறுவனங்கள் பயிற்சி தந்தன. பி.கே.கே. பெண்கள் அமைப்பு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அதைக் கொண்டு சேர்த்தது. சில ஆண்டுகளிலேயே மேட்டுக்குப் போகும் குப்பை 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டில்? 672-ஆவது சட்டம் 2007-இல் நிறைவேறி, 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த மாநிலங்களில் எஸ்.டபிள்யூ.கோர்ப் மேற்பார்வை செய்கிறது, குத்தகை நிறுவனம் அள்ளுகிறது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் உள்ளிட்ட மாநிலங்கள் அப்போது சேரவில்லை. அங்கே பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடமே இருந்தது. 2015 செப்டம்பர் முதல், சட்டத்தில் சேர்ந்த இடங்களில் வீட்டிலேயே பிரித்து வைப்பது கட்டாயம். வாரத்தில் 2 நாள் சாதாரணக் குப்பை, 1 நாள் மறுசுழற்சிப் பொருள்.

ஆனால் சாம்பார் ஊற்றிய காகிதத்தை எந்த லோரியாலும் காப்பாற்ற முடியாது. பிரிக்கும் வேலை நம் கையில்தான் இருக்கிறது. கோயில் அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள்: வாழை இலை, மீந்த சோறு, மாலை, பிளாஸ்டிக் குவளை எல்லாம் ஒரே கறுப்புப் பையில்! இலையும் பூவும் மக்கி மண்ணுக்குத் திரும்ப வேண்டியவை. பையில் கட்டி மேட்டில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுதான் வரும்.

"அதெல்லாம் கவுன்சில் பாத்துக்கும்" என்று விடாமல், கிளை சார்பில் மூன்று காரியம் செய்யலாம்:

1. விழாவுக்கு முன்பே ஊராட்சி மன்றத்திடமோ குத்தகை நிறுவனத்திடமோ பேசி, எந்த நாள், எந்தத் தொட்டி என்று முடிவு செய்யுங்கள்.

2. பந்தி முடியும் இடத்தில் மூன்று தொட்டி: இலையும் சோறும், குவளையும் போத்தலும், மற்றவை. பக்கத்தில் ஒருத்தர் கட்டாயம் நிற்கணும்.

3. பூவையும் இலையையும் சின்னதாக வெட்டி, கோயில் தோட்டத்திலேயே உரமாக்குங்கள்.

ஒருநாள் கோத்தோங் ரோயோங் நல்லதுதான். ஆனால் கூட்டு முயற்சி என்பது, யார் எதை எந்த நாளில் செய்வது என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வாரமும் அதையே செய்வது.

கிளைக் கூட்டத்தில் பேச:
• உங்கள் கோயில் குப்பையை அள்ளுவது யார்?
• அது எந்த மேட்டுக்குப் போகிறது? பக்கத்தில் யார் வசிக்கிறார்கள்?
• அடுத்த அன்னதானத்தில் தொட்டிப் பக்கம் நிற்கப்போவது யார்?