செபிலோக் போகிறீர்களா?

மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டக்கான் நகருக்கு அருகே இருக்கிறது செபிலோக் மறுவாழ்வு மையம். தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளை 1964 முதல் இங்கே வளர்த்துக் காட்டுக்குப் பழக்குகிறார்கள்.

ஒராங்குட்டான்களுக்கு மேடையில் உணவு வைப்பது காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும். சற்று முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள். பை, தண்ணீர் பாட்டில், தின்பண்டம் எல்லாம் லாக்கரில் இருக்கட்டும்; கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொள்ளும். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம், நம் சளி அவற்றுக்கும் தொற்றும். நடைபாதைக் கைப்பிடியில் ஒன்று வந்து உட்கார்ந்தாலும் விலகி வழிவிடுங்கள். செல்ஃபி ஆசையெல்லாம் அப்புறம்!

காட்டில் பழங்கள் பழுக்கும் காலத்தில் மேடை வெறிச்சோடிக் கிடக்கலாம். டிக்கெட் காசு வீண் என்று முணுமுணுக்காதீர்கள். தாமாகத் தேடித் தின்னக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். அன்றைக்குக் குட்டிகள் கயிற்றில் தொங்கிப் பழகுவதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறமிருந்து பார்க்கலாம்.

பக்கத்திலேயே சூரியக் கரடி மையம். அதற்குத் தனி டிக்கெட்.