முதுமையா, புறக்கணிப்பா?

தோட்டத்து லயத்தில் முதியவர் ஒருவர் காலமானால், "வயதாகிவிட்டது, போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று கூறி நாம் ஆறுதல் அடைகிறோம். பெரும்பாலும் அஃது உண்மையே. ஆயினும் பட்டினி, அடி, மருந்து கொடாமை, படுக்கைப் புண்ணைக் கவனியாமை ஆகியவற்றாலும் முதியோர் இறப்பதுண்டு. அத்தகைய மரணங்கள் எவ்வாறு ஆராயப்படுகின்றன என்பதை அறிவோம்.

சட்டம் கூறுவது

தஞ்சோங் ரம்புத்தான் என்றதும், 1911 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை நினைவுக்கு வரும். இன்று அது பஹாகியா மருத்துவமனை. மனநல மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், அதன் பொறுப்பதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். லயத்து வீட்டில் அத்தகைய அதிகாரி எவரும் இல்லை. ஆகவே, ஐயத்திற்கிடமான மரணத்தை அறிந்த எவரும் போலீசுக்கோ பெங்குளுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் கட்டளையிடுகிறது.

ஆய்வுக் குழுவின் பணி

குற்றம் புரிந்தவர் யார் என்பதைக் கண்டறிவது போலீசாரின் வேலை. "இம்மரணத்தை எவ்விடத்தில் தடுத்திருக்கலாம்?" என்று கேட்பது ஆய்வுக் குழுவின் வேலை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், மாவட்டங்கள் இத்தகைய குழுக்களை அமைத்துக்கொள்ள 2001 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. மருத்துவர், போலீஸ் அதிகாரி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், சமூக நல அலுவலர் முதலியோர் ஒன்றுகூடி, தத்தம் பதிவேடுகளை இரகசியமாக ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். மூதாட்டி ஒருவர் ஜனவரியில் கிளினிக்குக்கு வருவதை நிறுத்துகிறார். அது தாதிக்குத் தெரியும். மார்ச்சில் இரவில் அழுகுரல் கேட்கிறது. அது பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். மே மாதத்தில் அவருடைய உதவித்தொகையைப் பிறர் வாங்கிச் செலவிடுகின்றனர். அது கடைக்காரருக்குத் தெரியும். ஜூலையில் அவர் இறக்கிறார். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. முழுமையும் எவருக்கும் தெரியவில்லை. துண்டுகளை ஒரே மேசையில் சேர்ப்பதே ஆய்வு. "கிளினிக்குக்கு வாராத முதியவரை வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும்" என்ற புதிய ஒழுங்கு அதன் பயனாகப் பிறக்கலாம்.

குழுவினர் அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை. முதியோரின் தோல் மெல்லியது. இலேசாக இடித்தாலும் கன்றிவிடும். நன்கு பராமரித்தும் படுக்கைப் புண் வருவதுண்டு. எனவே காயத்தை மட்டுமன்றி, சிகிச்சை தேடப்பட்டதா, மருந்து கொடுக்கப்பட்டதா, உடல் எடை எவ்வாறு குறைந்தது என்பவற்றையும் ஆராய்கின்றனர்.

இம்முறை நமக்குப் புதிதன்று. நம் நாட்டில் 1991 முதல் பிரசவகாலத் தாய்மாரின் மரணங்கள் இவ்வாறே, பழி சுமத்தாமல் படிப்பினை தேடி, ஆராயப்பட்டு வருகின்றன.

நாம் செய்யத்தக்கவை

1. அண்டை வீட்டு முதியவர் சில நாள் வெளியே வாராவிடில், நேரிற் சென்று விசாரிப்போம்.

2. ஐயம் எழுந்தால் 15999 என்னும் தாலியான் காசே எண்ணுக்கு அறிவிப்போம். உயிருக்கு ஆபத்தெனில் 999. 1994 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெற்றோரையும் காக்கிறது.

3. விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்று, திரும்பியதும் நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டும் மகளும் மருமகளும் களைத்துப்போவர். அவர்களைப் பழிக்காமல், உதவிக்கு ஒரு கை கொடுப்போம்.

ஆய்வுக் குழு பேசுவது மரணத்திற்குப் பின். அண்டை வீட்டார் பேச வேண்டியது அதற்கு முன்.