கிடங்கு பிளானை அளவு மாறாமல் அச்செடுப்பது

நேமத்தான்பட்டி, காரைக்குடி வட்டாரத்தில் கிடங்கு கட்டுகிறவர்களும், பழைய வீட்டின் பின்கட்டைக் கிடங்காக வாடகைக்குப் பிடிக்கிறவர்களும் இன்று பிளானை வாட்ஸ்அப்பில் வாங்குகிறோம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் எடுத்து, அதன் மேல் ஸ்கேலை வைத்து ரேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறோம். நஷ்டம் அந்தத் தாளிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆட்டோகேட் முதலிய மென்பொருளில் கட்டடத்தை அதன் முழு அளவிலேயே வரைகிறார்கள். 60 அடிச் சுவர் கணினிக்குள் 60 அடிதான். எத்தனை மடங்கு சுருக்குவது என்பதை அச்செடுக்கும்போதுதான் சொல்கிறார்கள். 1:100 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 1 மீட்டர். 60 அடிக்கு 40 அடி கிடங்கு, தாளில் ஏறத்தாழ 18.3 செ.மீ.க்கு 12.2 செ.மீ. வரவேண்டும்.

ஆனால் பி.டி.எஃப். கோப்பை அச்சுக்கு அனுப்பும்போது ‘ஃபிட்’ என்று இருந்தால், தாளின் ஓரம் விட்டுப் படம் சுருங்கிவிடும். நூற்றுக்கு ஐந்து சுருங்கியதாக வைத்துக்கொள்வோம். 60 அடி 57 ஆகும், 40 அடி 38 ஆகும். பரப்போ 2,400 சதுர அடியிலிருந்து 2,166 ஆகிவிடும். நீளத்தில் ஐந்து போனால் பரப்பில் ஏறக்குறைய பத்து போகிறது. சதுர அடிக் கணக்கில் வாடகை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாளின் மூலையில் 1:100 என்ற எழுத்து மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும்!

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு தெருவில் தலைவாசல், மறு தெருவில் பின்வாசல் என்று 200 அடி நீண்ட வீட்டை 1:100-ல் எடுத்தால் 61 செ.மீ. வரும். 42 செ.மீ. நீளமுள்ள ஏ3 தாளில் அடங்காது. 84.1 செ.மீ. உள்ள ஏ1 தாள் வேண்டும். அந்த ஏ1 படத்தை ஏ3-ல் ஜெராக்ஸ் எடுத்தால் சரிபாதி, அதாவது 1:200 ஆகிவிடும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 20 அடி அறை 10 அடியாகத் தெரியும்.

அடிக்கணக்கில் வரைகிற பழைய கை இன்னும் இருக்கிறது. அடிக்கு அரைக்கால் அங்குலம் என்பது அவர்கள் வழக்கம். அது 1:96. அதை 1:100 என்று நினைத்து அளந்தால் நூற்றுக்கு நான்கு பிசகும். எந்தக் கணக்கு என்று வரைந்தவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கடைப்பையனிடம் ‘ஃபிட்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று சொல்லுங்கள். தாள் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும், நீளம் எழுதியுள்ள ஒரு சுவரை அளந்து பாருங்கள். தராசுக்கு முத்திரை பார்க்கிற நமக்கு இது அரை நிமிட வேலை. படத்தின் அடியில் மீட்டர் குறித்த கோடு ஒன்று போடச் சொல்வது இன்னும் நல்லது. படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கும், கணக்குத் தப்பாது. இல்லையென்றால் எழுதியுள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேக்கு, ஷட்டர் ஆர்டருக்கு முன்பு இடத்திலேயே டேப் பிடித்துவிட வேண்டும். பழைய சுவர்கள் பூச்சு ஏறி, பிளானில் உள்ளதைவிட இரண்டு மூன்று அங்குலம் தடித்திருப்பதும் உண்டு.