முற்று எங்கே விழ வேண்டும்?

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நேரில் போய் விசாரித்து எழுதியது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் வாக்கியங்களையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறாய். "பஸ் வந்தது. கிழவி ஏறினாள். இடம் இல்லை. நின்றாள்." நீளமாக எழுதினால் குழம்பும் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். எச்சம் எதில் போய் முடிகிறது என்று பார்த்து எழுதினால், பத்துச் சொல் வாக்கியமும் குழம்பாது.

"வந்த பஸ்ஸில் ஏறிய கிழவி, இடம் இல்லாமல் நின்றாள்" என்று எழுதிப் பார். மற்றதெல்லாம் எச்சமாகிப் பின்னே போக, அவள் நின்றது மட்டும் முற்றாக மிஞ்சுகிறது. நெரிசலைப் பற்றித்தான் கட்டுரை என்றால், "கிழவி ஏறிப் பார்த்தபோது பஸ்ஸில் இடம் இல்லை" என்று முடி. எதற்கு முற்று கொடுக்கிறாயோ அதுதான் படிப்பவர் மனதில் தங்கும். அதை முடிவு செய்துகொண்டு வாக்கியத்தைத் தொடங்கு.

'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியர் வினையியலில் சொன்ன விதி. "மேடை சரிந்து மூவரை மருத்துவமனையில் சேர்த்தனர்" என்று எழுதியிருக்கிறாய். சரிந்தது மேடை, சேர்த்தவர்கள் வேறு யாரோ. "மேடை சரிந்ததில் காயமடைந்த மூவரை" என்று மாற்றினால் சரியாகிவிடும். அதற்காக "கால் வழுக்கி விழுந்தான்" என்பதைத் திருத்தப் போகாதே. வழுக்கியது கால், விழுந்தது ஆள் என்றாலும், சினையின் வினை முதலின் வினையோடு முடியலாம் என்று அவரே இடம் கொடுத்திருக்கிறார். பேச்சில் எது இயல்பாக வரும் என்று கவனித்து வகுத்த இலக்கணம் அது. எனக்கு அவர்மேல் தனி மரியாதை இதனால்தான்.

பெயரெச்சத்தில்தான் நீ அதிகம் கவனமாக இருக்க வேண்டும். "அமைச்சரைச் சந்தித்த மாணவியின் தந்தை நன்றி தெரிவித்தார்." சந்தித்தது மாணவியா, தந்தையா? 'சந்தித்த' என்பது பக்கத்திலிருக்கும் மாணவியையும் பிடிக்கும், அவளைத் தாண்டிப் போய்த் தந்தையையும் பிடிக்கும். நடுவில் கால்புள்ளி வைத்தால் கண்ணுக்கு உதவும். வானொலியில் வாசித்தால் அதுவும் போய்விடும். சந்தித்தவர் தந்தை என்றால் "மாணவியின் தந்தை அமைச்சரைச் சந்தித்து நன்றி தெரிவித்தார்" என்று வினையெச்சமாக்கு. மாணவி என்றால் இரண்டு வாக்கியமாக எழுது. நறுக்க வேண்டிய இடம் இதுதான், இங்கே தயங்காதே.

காலச்சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். "நேற்று தப்பியவரைப் பிடித்ததாகப் போலீஸார் கூறினர்" என்பதில் தப்பியதா, பிடித்ததா, கூறியதா, எது நேற்று? "தப்பியவரை நேற்று பிடித்ததாக" என்று, அது சேர வேண்டிய வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வை.

மறுபடி எழுதும்போது, ஒவ்வொரு எச்சத்தின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, அது எந்தச் சொல்லில் முடிகிறதோ அங்கே ஓர் அம்பு போடு. அம்பு இரண்டு இடத்துக்குப் போனால் அந்த வாக்கியத்தைக் கலைத்து எழுது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் அன்றே பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா